கிளட்சுக்கு மேலே, கண்ணாடிக்குக் கீழே

இடதா வலதா என்று கேட்டார், இடது என்றேன், யோசிச்சுச் சொல்லு அம்மிணி என்றார். யோசிக்காமல் சொன்னேன் என்று இவருக்கு எப்படித் தெரியும், ஹெல்மெட்டுக்குள் இருக்கிற முகம் தெரியவா போகிறது. வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி, போர்டிகோவில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிற்கிற இருநூற்று நாற்பது கிலோ மோட்டார் சைக்கிளின் மேல், ஓட்டுகிறவர் உட்கார வேண்டிய இடத்தில், ஐம்பத்து மூன்று வயதில், சுடிதாரும் இவருடைய ஹெல்மெட்டுமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டு மாடியில் துணி எடுக்க வந்த பெண் ஒருதடவை பார்த்தாள், நம்பாமல் இன்னொரு தடவையும் பார்த்தாள். பார்க்கட்டும். இவர் கையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. ரேடார் டிடெக்டராம். நெடுஞ்சாலையில் வேகத்தை அளக்கிற கருவி ஏதோ ஓர் அலையை அனுப்புகிறதாம், அதை இந்தப் பெட்டி தூரத்திலேயே மோப்பம் பிடித்துக் கீச்சென்று கத்துமாம், கத்தினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாமாம். பல் டாக்டர் ஆல்வின் துபாய் போனபோது தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை இவருக்குக் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை தோறும் காலையில் ஈரோடு வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய் இட்லி தின்றுவிட்டு வருகிற, இட்லி தங்கள் ஊரில் கிடைக்காத மாதிரி போய்விட்டு வருகிற, பத்து அரைக்கிழவர்களில் ஆல்வினும் ஒருத்தர். அவருக்கு அபராதச் செய்தி மூன்று வந்ததாம். எனக்கு இதுவரைக்கும் ஒண்ணுகூட வந்ததில்ல, அதிர்ஷ்டம், ஆனா அதிர்ஷ்டத்தையே நம்பீட்டு இருக்க முடியுமா என்றார் இவர் நேற்று, மோர்க்குழம்பைப் பிசைந்துகொண்டே. நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன். ஐந்து வந்திருக்கிறது. ஐந்தும் என் போனில் இருக்கிறது.

வண்டி என் பேரில் இருக்கிறது, அதுதான் காரணம், வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் செய்தி வரும். இது எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும். அப்போது வைத்திருந்த கார் இவர் பேரில் இருந்தது, அதனால் இவருக்குத்தான் போன் வந்தது. ஒரு சனிக்கிழமை. ஆறு ஐம்பதுக்கு நடந்தது, ஏழேகாலுக்குப் போன். நம்பரைச் சொல்லி இது உங்க வண்டிங்களா சார் என்று கேட்டிருக்கிறார்கள், ஆமாங்க என்னுதுதான் என்றார். ஓட்டீட்டுப் போனது யாருங்க என்று கேட்டதற்கு, என்ற பொண்ணுங்க என்றார். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ சொல்ல இவர் சரிங்க, சரிங்க, சரிங்க என்று மூன்று தடவை சொன்னார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், மூன்றாவது சரிங்கவில் எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகும் அந்த மூடியை முழுக்கத் துருவி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். சம்யுக்தா, இருபத்தாறு வயது, சிநேகிதி கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள், பெருந்துறைக்கு முன்னால் ஒரு மேம்பாலம் இறங்குகிற இடத்தில் டயர் வெடித்து நின்றிருந்த லாரி. இவ்வளவுதான். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி இந்த அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறேன், இப்போதெல்லாம் கேஸ் சிலிண்டர் புக் பண்ணுகிற மாதிரி சொல்லி முடித்துவிட முடிகிறது. காரியம் முடிந்த மறுவாரம் நங்கையா, அதாவது இவருடைய அக்கா, ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். தம்பி பேர்ல வாகனம் ஆகாதாமா ரத்னா, இனி எது வாங்குனாலும் உன்ற பேர்ல வாங்கோணுமாமா என்றார். அந்தாளுக்கு இது போன மாசமே தெரியாமப் போச்சுங்களா நங்கையா என்று கேட்டேன். இந்த வாய்க்குத்தான் என்று தொடங்கி, முடிக்காமல் அழுதார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து இந்த மோட்டார் சைக்கிள் வந்தது. பம்ப் கம்பெனியிலிருந்து ஓய்வு வாங்கிய கையோடு, ஐம்பத்தேழு வயதில். கார் வேண்டாம் என்றுவிட்டார். ஷோரூமில் கையெழுத்து என்னுடையது, போன் நம்பர் என்னுடையது. கிரகத்துக்குக் காட்ட ஒரு பெயர், அது காட்டியாகிவிட்டது, அதற்குப் பிறகு வண்டி இவருடையது, நம்பர் யாருடையது என்பதெல்லாம் இவருக்கு மறந்தே போய்விட்டது.

நடுவில் வைத்துப் பார்க்கலாம் என்கிறார். பார்க்கலாம். ஸ்வீட் பெட்டி அட்டையில் அதே அளவுக்கு ஒரு மாதிரி வெட்டி வைத்திருக்கிறார், அதை இங்கே ஒட்டி அங்கே ஒட்டி, பென்சிலால் கோடு போட்டு, வெர்னியர் காலிபர் எடுத்து அளந்து. முப்பது வருஷம் பம்ப் ஷாஃப்டை அளந்த கை, சும்மா இருக்காது. நடுவில் வைத்தால் சாவி போடுகிற ஓட்டை மறைகிறது. வலது பக்கம் பிரேக் ஆயில் கிண்ணம் இடிக்கிறது. பெட்ரோல் டாங்க் மேல் உள்ள பையில் வைத்தால் குனிந்து பார்க்க வேண்டும், குனிகிற நேரத்தில் எதிரில் எது நிற்கும் என்று யாருக்குத் தெரியும். இதை இவர்தான் சொன்னார், சாதாரணமாகச் சொன்னார், சொல்லிவிட்டு அட்டையைப் பிய்த்தார். இடது பக்கம் கிளட்சுக்கு மேலே, பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஓர் இடம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, காற்றுக் கண்ணாடியைத் தாங்குகிற இரும்புத் தகட்டுக்குப் பின்னால் இன்னோர் இடம். முதல் இடத்தில் வைத்தால் பெட்டியின் முகம் சாலையைப் பார்க்கும். இரண்டாவது இடத்தில் பார்வைக்கு அழகு, மழை படாது, டீக்கடையில் எவனும் கழற்றிக்கொண்டு போக மாட்டான், ஆனால் தகடு மறைக்கும், பாதி நேரம் கத்தாது. இதையும் இவர்தான், கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டியோடு வந்த சின்ன எழுத்துத் தாளைப் படித்துச் சொன்னார். சொல்லிவிட்டு, ரெண்டுல எதுன்னு நீ சொல்லு என்றார். முப்பது வருஷமாக வீட்டுக்கு என்ன பெயின்ட் என்றுகூட என்னைக் கேட்டதில்லை.

முதல் செய்தி வந்தபோது ஏமாற்று வேலை என்று அழிக்கப் போனேன். வண்டி நம்பர் சரியாக இருந்தது. தொட்டால் ஒரு படம் திறந்தது, தேதி, இடம், நேரம், வேகம். வேகம் நூற்று நான்கு. இடத்தைப் படித்தேன், பெருந்துறைக்கு முன்னால், அதே மேம்பாலம். சனிக்கிழமை, ஆறு ஐம்பத்திரண்டு. பால் பொங்கி வழிந்தது, துடைத்தேன், துடைத்த கையோடு அபராதத்தைக் கட்டிவிட்டேன். அடுத்தது நூற்றுப் பதினொன்று. அப்புறம் நூற்றுப் பதினேழு, நூற்று இருபத்தாறு. இரண்டு வாரத்துக்கு முன்னால் நூற்று முப்பத்தொன்பது. ஐந்தும் ஒரே இடம், ஐந்தும் ஆறு ஐம்பதை ஒட்டி, இரண்டு நிமிடம் முன்னே பின்னே. கோயமுத்தூரிலிருந்து ஈரோடு வரைக்கும் வேறு காமிராவே இல்லையா, இருக்கிறது, மற்ற இடத்தில் எல்லாம் இவர் பால்காரர் மாதிரிதான் போகிறார். நாச்சிமுத்து அண்ணன் இதுக்கு ஒரு மொபெட் வாங்கியிருக்கலாமுங்க அக்கா என்று ஆல்வின் இதே போர்டிகோவில் நின்று சிரித்தார். அதனால்தான் இவர் மட்டும் அரைமணி முன்னால் தனியாகக் கிளம்பிவிடுவதாம், நான் மெதுவாப் போறவன், நீங்க வந்து சேர்ந்துக்கங்க என்று. மொபெட் வேகத்தில் போகிறவருக்கு ரேடார் டிடெக்டர் எதற்கு என்று அந்தப் பத்துப் பேரில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்குத் தோன்றாமல் இல்லை. சின்ன வயதில் நான் இருந்த கான்வென்ட் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும், உறையை ஒட்டாமல் சிஸ்டர் இமாகுலேட்டாவிடம் கொடுக்க வேண்டும், அவர் படித்துப் பார்த்துவிட்டு ஒட்டுவார். எட்டு வருஷம், நான் நலம், இங்கே நல்ல குளிர், படிப்பு நன்றாகப் போகிறது என்றே எழுதியிருக்கிறேன், அம்மைக் காய்ச்சலில் கிடந்த வாரமும் அதையேதான் எழுதினேன், கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். கோணலுக்குத் திட்டு வாங்கினேன். அந்தப் பயிற்சி எங்கே போகும். ஐந்து எண்ணையும் காய்ச்சல் சார்ட் மாதிரி மனதுக்குள் தொங்கவிட்டுக்கொண்டு, சனிக்கிழமை ஒன்பதரைக்கு கேட் சத்தம் கேட்டதும், வந்தாச்சுங்களா, தோசை ஊத்தட்டுமா என்று கேட்கிறேன். இட்லி தின்றுவிட்டு வந்தவர் தோசையும் தின்பார்.

சரி, இப்போது எது. நல்ல இடத்தில் மாட்டினால் பாலத்துக்கு முன்னாலேயே கத்தும். கத்தினால் குறைப்பார். குறைத்தால் செய்தி வராது. அப்படியென்றால் செய்தி வராத சனிக்கிழமை மெதுவாகப் போன சனிக்கிழமை, நிம்மதியாக இருக்கலாம், அறிவுள்ளவள் கிளட்சுக்கு மேலே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்ப் பாத்திரம் கழுவுவாள். ஆனால் காமிராக் கம்பத்தைத் தாண்டி ஐம்பது மீட்டர் போனதும் திருகினால்? அதை யார் படம் பிடித்து எனக்கு அனுப்பப் போகிறார்கள்? எனக்கென்று வருவது அந்த ஓர் எண்தான். இந்த மனிதர் என்னிடம் உப்புக் குறைவு என்பார், மோட்டார் போட்டாச்சா என்பார், அந்தப் பெயரை மட்டும் இரண்டு வருஷமாக உச்சரித்ததில்லை, நானும் இல்லை, இவர் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்வது அரசாங்கம்தான், மூன்று இலக்கத்தில். தகட்டுக்குப் பின்னால் என்று சொன்னால் பெட்டி ஊமையாகும், இவர் போகிறபடியே போவார், எண் வரும். ஆறாவது எண். நூற்று ஐம்பதா. எண் வந்தால் தாண்டிவிட்டார் என்று அர்த்தம், தாண்டினால்தானே படத்தில் விழ முடியும். இல்லை, அப்படியும் சொல்ல முடியாது, கம்பம் லாரி நின்ற இடத்துக்கு முன்னாலா பின்னாலா என்று எனக்குத் தெரியாது, நான் அங்கே போனதே இல்லை, ஈரோட்டுக்கு ரயிலில் போகிறேன், ரயில் அந்தப் பக்கம் வரும்போது பை எடுத்து எதையாவது தேடுகிறேன். ஆக, மெதுவாகப் போக வைத்துவிட்டுக் குருடியாக இருப்பதா, வேகமாகப் போக விட்டுவிட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதா. கேள்வி சுலபம்தான், ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட முதலாவது என்று சொல்லும். எனக்கு ஏன் வாய் வரவில்லை. பயமாக இருக்கிறதா என்று உள்ளே தட்டிப் பார்த்தால், பல் பிடுங்கின பக்கத்துக் கன்னத்தைத் தட்டுகிற மாதிரி, தட்டுகிற விரலுக்குத்தான் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

இப்போது என்னை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு கேட் பக்கம் போயிருக்கிறார், அங்கிருந்து பார்த்தால் பெட்டி முகம் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டுமாம். வாட்டர் டாங்குக்குப் பக்கத்தில் முட்டி மடக்கிக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, இரண்டு கையையும் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"தெரியுதுங்களா?"

"கொஞ்சம் அக்கட்டால சாஞ்சுக்கோ அம்மிணி. உன்ற முட்டி மறைக்குது."

"என்ற முட்டியா ஓட்டப் போகுது?"

"ஒரு நிமிஷம் வாய மூடீட்டு இரேன். இப்பத் தெரியுது. ஆ, நல்லாத் தெரியுது."

"போலீஸ்காரர் இப்படியா நிப்பாரு, வெளிக்கு வந்தவராட்ட?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்புத்தான், நல்ல மனுஷன், முப்பது வருஷமாக நல்ல மனுஷன், பெண் பிறந்ததற்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வாட்ச்மேனுக்கும் சேர்த்து லட்டு கொடுத்த ஆள். எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். இந்த முட்டியை வைத்துக்கொண்டு நூற்று முப்பத்தொன்பது. ஹெல்மெட்டுக்குள் இவர் தலை வாசனை, தேங்காய் எண்ணெயும் ஷேவிங் சோப்பும், அதற்குள் இருந்துகொண்டு வெளியே பார்த்தால் எல்லாம் ஒரு நீலக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், செம்பருத்தி, கேட், இவர், எதற்கும் சத்தம் இல்லை. இப்படித்தான் போகிறார் போலிருக்கிறது. வலது கால் மரத்துப்போய்விட்டது, கிள்ளினேன், வேறு யாருடைய காலையோ கிள்ளின மாதிரி இருந்தது.

வந்தார். சொன்னயா எதுன்னு என்றார். கிளட்சுக்கு மேல, கண்ணாடிக்குக் கீழ, ரோட்டைப் பார்த்த மாதிரி என்று என் வாய் சொன்னது, மனம் இன்னும் தகட்டுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. இவர் தலையாட்டிக்கொண்டு கிளாம்பைப் போட்டு ஆலன் கீயால் முறுக்க ஆரம்பித்தார். ஒரு சுற்று, அரைச் சுற்று, பெட்டியை ஆட்டிப் பார்த்து இன்னோர் அரைச் சுற்று. முடிந்துவிடும், இன்னும் இரண்டு முறுக்கில் முடிந்துவிடும், முடிந்ததும் டீ கேட்பார், டீ கொடுத்துவிட்டால் நாளைக்குச் சனிக்கிழமை, நாளையிலிருந்து ஒன்றும் வராது. ஹெல்மெட்டைக் கழற்றினேன். வெளிச் சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தது.

"பாலத்துக்கிட்ட கத்துமுங்களா இது?"

"எந்தப் பாலம்?"

"நூத்தி முப்பத்தொம்பது," என்றேன்.

ஆலன் கீ நின்றது. இவர் நிமிரவில்லை. திருகின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன வந்துது?"

"அஞ்சு."

"உன்ற போனுக்கா?"

"வண்டி என்ற பேர்லதானுங்க இருக்குது. உங்க அக்கா உபயம்."

"கட்டீட்டியா?"

"கட்டாம? என்ற பேருக்கு வாரண்ட் வரட்டும்னு விட்டிருக்கோணுமா?"

போட்டோ வருமா அதுல என்றார். கையை நீட்டினார். ஐந்தாவதைத் திறந்து கொடுத்தேன். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார், தன்னைத்தான் பார்க்கப் போகிறார், எப்படிக் குனிந்திருக்கிறோம் என்று பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன், நான் அந்தப் படத்தில் அதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இவர் தன்னை விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். பின்னால் இருக்கிற சாலையைப் பெரிதாக்கினார், பாலம் இறங்குகிற ஓரத்தை.

"கம்பி புதுசாப் போட்டிருக்கான் அம்மிணி. மஞ்சளும் கறுப்புமா பெயின்ட் அடிச்சிருக்கான்."

"வாரா வாரம் போறீங்க. இப்பத்தான் பாக்கற மாதிரி சொல்றீங்க."

"இப்பத்தான் பாக்கறேன்." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கிற துணிக்காகச் சட்டைப் பையைத் தடவினார், பையே இல்லாத பனியன். "அங்க வந்ததும் கண்ண மூடிக்குவேன்."

கையிலிருந்த ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்க் மேல் வைத்தேன்.

"மொதல்ல ஆறு எண்றதுக்குள்ள தாண்டுவேன். ஆறு ரொம்ப நேரமா இருந்துது. கொஞ்சம் வேகமாப் போனா அஞ்சு. இப்ப நாலுக்கு வந்திருச்சு." கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார். "கண்ண மூடீட்டா போலீஸ் நிக்கறது தெரியாதில்ல. அதுக்குத்தான் இதைக் கேட்டு வாங்கினேன்."

நாலு. நூற்று முப்பத்தொன்பதில் நாலு. இவர் ஒரு நல்ல சூப்பர்வைசர், எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிடுவார், கண்ணை மூடிக்கொண்டு போவதற்கு ஒரு பெட்டி ஏற்பாடு செய்திருக்கிறார், அதை எங்கே மாட்டுவது என்று நான் அரைமணியாக நல்ல இடம் தேடிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து எண்ணையும் வைத்துக்கொண்டு நான் என்னவெல்லாமோ படித்தேன், இதைப் படிக்கவில்லை. நாலு எண்ணிப் பார்த்தேன். ஒன்று என்னும்போது எதிர்வீட்டில் குக்கர் கத்தியது, நாலு முடியும்போது அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"சுத்திப் போற ரோடு இருக்குதில்லீங்களா?"

"இருக்குது."

"அப்ப?"

போனைத் திருப்பிக் கொடுத்தார். திரை இருட்டாகிவிட்டிருந்தது. மரத்துப்போன காலை இரண்டு கையாலும் தூக்கி இந்தப் பக்கம் வைத்து, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

"ஏறுங்க."

"எங்க?"

"வெயில் இருக்கறப்பவே போயிடலாம். ஸ்கூட்டர் ஹெல்மெட் கதவுக்குப் பின்னால தொங்குது, அது எனக்கு. சட்டையப் போட்டுட்டு வாங்க. அந்தப் பெட்டியக் கழட்டி உள்ள வெச்சிருங்க."

"மெதுவாப் போனா அங்க என்னால முடியாது ரத்னா."

"மெதுவா இல்லீங்க, நிறுத்தறோம். ஓரமா நிறுத்தி, எறங்கி, ரெண்டு பேரும் கண்ணத் தொறந்து பாக்கறோம்."

"பாத்து?"

எட்டு வருஷம் கான்வென்ட்டில் படித்ததில் இதற்கு ஒரு வரியும் சொல்லித் தரவில்லை. எனக்கு மட்டும் தெரியுமா என்றேன், போய்ச் சட்டையப் போடுங்க என்றேன். போனார். வந்தார், சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார், இரண்டாவது ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார், வண்டிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"நீ எறங்குனாத்தான் ஸ்டாண்ட எடுக்க முடியும்."

"எறங்குனா நீங்க போயிருவீங்க."

என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் என்னை இப்படி நேராகப் பார்த்ததில்லை, நானும் பார்க்கவிட்டதில்லை. பிறகு ஹேண்டில்பாரை ஒரு கையாலும் சீட்டுக்கு அடியில் இருக்கிற கம்பியை இன்னொரு கையாலும் பிடித்து, முட்டி நடுங்க, மூச்சைப் பிடித்துத் தள்ளினார். முதல் தடவை வரவில்லை. நான் இறங்கவில்லை. இரண்டாவது தடவை இருநூற்று நாற்பது கிலோவும் அதன்மேல் நானுமாக ஒருதரம் முன்னால் ஆடி, தடாலென்று ஸ்டாண்டை விட்டுத் தரைக்கு வந்தோம்.